யாருக்கு ‘வா’, யாருக்கு ‘வாங்க’?

கன்னடத்துல மரியாதையா ‘வாங்க’ன்னு கூப்பிடணும்னா ‘பன்னி’ன்னு சொல்லணும். ‘வா’ன்னா ‘பா’. பெங்களூருக்கு வேலைக்கு வந்த எந்தத் தமிழனும் முதல் மாசத்துல ஒரு தடவையாவது இதைக் கேட்டு முறைச்சிருப்பான். கடைக்காரர் சிரிச்ச முகமா ‘பன்னி, பன்னி’ங்கறார், நாம அவருக்கு என்ன கெடுதல் பண்ணோம்னு யோசிச்சுக்கிட்டு நிப்போம் :)

எனக்குக் கன்னடம் சொல்லிக் கொடுத்தவர் கூட வேலை பார்த்த மைசூர்க்காரர். எண்கள், கிழமை, காய்கறி பேரெல்லாம் அப்புறம். முதல் பாடமே இதுதான்: முன்னப் பின்ன தெரியாதவங்க யாரா இருந்தாலும் பன்னி, ஹோகி, ஹேளி. பா, ஹோகு, ஹேளு எல்லாம் நல்லாப் பழகினப்புறம். ஆட்டோ ஓட்டறவர், பூக்காரம்மா, பெஞ்ச் துடைக்கற பையன், வீட்டு ஓனர், எல்லாருக்கும் ஒரே விதி. சமர்த்தா மனப்பாடம் பண்ணிக்கிட்டோம். அந்நிய ஊர்ல வாய் தவறி எதையாவது சொல்லி வம்புல மாட்டக் கூடாதே.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே ஆளுங்க லீவுக்கு ஊருக்கு வந்து பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் ‘ஏம்பா, ஆட்டோ வருமா?’ன்னு ஐம்பத்தஞ்சு வயசுக்காரரைக் கேப்பாங்க. கன்னடத்துல எல்லாருக்கும் ‘பன்னி’, தமிழ்ல மட்டும் ஆளைப் பார்த்து ‘வா’. வேற மொழியில நாம விதியைப் பார்த்துப் பேசறோம். சொந்த மொழியில எதிர்ல நிக்கறவரோட சட்டை, செருப்பு, நிறம், நிக்கற விதம் எல்லாத்தையும் அரை செகண்டுல அளந்துட்டுப் பேசறோம். இந்த அரை செகண்டைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ ஏதாவது எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல கொஞ்சம் இலக்கணம். (ஓடாதீங்க, ரெண்டே பத்திதான்.) தமிழ்ல ஒருத்தர்கிட்ட அவரைப் பத்தி ஒரு முழு வாக்கியம் பேசணும்னா வினைச்சொல்லுக்கு வால் வெச்சே ஆகணும். வந்தியா, வந்தீரா, வந்தீங்களா. மலையாளத்துல இந்தத் தொல்லை இல்லை. ‘வன்னோ’ன்னா முடிஞ்சது, அது நீ வந்தியாவும் ஆகும், அவர் வந்தாராவும் ஆகும். ‘நீ’யா ‘நிங்ஙள்’ளா ‘தாங்கள்’ளான்னு குழப்பம் வந்தா அதையும் தூக்கிப் போட்டுட்டு ‘சார் வன்னோ’, ‘சேட்டன் கழிச்சோ’ன்னு மலையாளி தப்பிச்சுடுவார். தமிழனுக்கு அப்படி ஒரு பின்வாசல் லேசுல கிடைக்காது. வாயைத் திறந்தா எதிராளியை எந்தப் படியில நிறுத்தி வெச்சிருக்கான்னு வெளிய வந்துடும்.

லேசுல கிடைக்காதுன்னு சொன்னேன், கிடைக்கவே கிடைக்காதுன்னு சொல்லலை. நம்மாளுங்க விட்டுருவாங்களா? ‘சாப்பாடு ஆச்சா?’, ‘எங்க கிளம்பியாச்சு?’, ‘எப்ப வந்தது?’, ‘பேரு என்ன?’. கவனிச்சுப் பாருங்க, ஒண்ணுலயும் நீயும் இல்லை நீங்களும் இல்லை. நம்மளைவிட ரெண்டு வயசு சின்னவர், ஆனா முறையில சித்தப்பா. ஸ்கூல்ல ஜூனியர், இப்போ டீம் லீட். கல்யாணம் ஆகி மூணே நாளான மாப்பிள்ளைகிட்ட பேசற மச்சான். இவங்கல்லாம் மாசக்கணக்குல இந்த ‘ஆச்சா’வை வெச்சே காலத்தை ஓட்டுவாங்க. ப்ரோகிராம்ல டைப் சொல்லாம வேரியபிளை விட்டுட்டு, ஓடும்போது பார்த்துக்கலாம்னு இருக்கோமே, அது மாதிரி :)

இந்தப் படிகளோட எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். எங்க திருநெல்வேலிப் பக்கம் பழைய ஆளுங்ககிட்ட மூணு படி உண்டு. சின்னப் பயலுக்கு ‘ஏலே, வா’. அப்பா, வாத்தியார், அண்ணாச்சிக்கு ‘வாங்க’. நடுவுல சோட்டு ஆளுக்கு, கொஞ்சம் வயசானவருக்கு ‘வாரும்’, ‘இரியும்’, ‘நீரு என்ன வே சொல்லுதீரு?’. அந்த ‘வே’யில மரியாதையும் இருக்கும், கிண்டலும் இருக்கும். சண்டை போடணும்னாலும் அதுலயே போட்டுக்கலாம். என் வயசுப் பசங்ககிட்ட ‘நீரு’ ஏறக்குறையப் போச்சு, வம்பிழுக்க மட்டும்தான் பாக்கி இருக்கு. எனக்கு இதுல வருத்தம்தான், அது ஒரு அருமையான படி.

யாழ்ப்பாணத்துல அந்தப் படி இன்னும் உறுதியா நிக்குது. நீ, நீர், நீங்கள் மூணும் தனித்தனியாப் புழங்குது. புருஷன் பொண்டாட்டியை ‘இஞ்சாரும்’னு கூப்பிடுவார், ‘நீர்’னு பேசுவார். நம்ம பக்கத்து ‘ஏய், இங்க வா’வோட வெச்சுப் பார்த்தா எவ்வளவோ மேல். ஆனா அந்தம்மா அவரை ‘இஞ்சாருங்கோ’ன்னுதான் கூப்பிடறாங்க, அங்கயும் ஒரு படி வித்தியாசம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னொரு கூத்து இந்த ‘ங்கோ’. யாழ்ப்பாணத்துல ‘வாங்கோ, இருங்கோ’ங்கறது பொது மரியாதை. அதையே சென்னையில சொன்னா ‘நீங்க ஐயரா?’ன்னு கேப்பாங்க. ஒரே சொல், ஒரு ஊர்ல மரியாதை, இன்னொரு ஊர்ல சாதி அடையாளம்.

கோயமுத்தூர்லதான் நான் இஞ்சினியரிங் படிச்சேன். முதல் வாரம் ஹாஸ்டல் பக்கத்துக் கடையில ‘ஏனுங் தம்பி, என்ன வேணுங்?’னு கேட்டப்போ என்னைத்தானான்னு திரும்பிப் பார்த்தேன். எங்க ஊர்ல கடைக்காரர் ‘என்னலே வேணும்?’பார். நாலு வயசுக் குழந்தையை ‘வாங்க சாமி, சாப்டுங்க கண்ணு’ன்னு கொஞ்சறதை அங்கதான் முதல்ல கேட்டேன். சொக்கிப் போனேன்னு சொன்னா மிகையில்லை. கொங்குத் தமிழோட மரியாதை பத்தி சினிமாவுலயும் பட்டிமன்றத்துலயும் சொல்றதெல்லாம் உண்மைதான். அந்த ‘ங்க’ யாருக்குப் போகுது, யாருக்குப் போகலைங்கறதை மட்டும் யாரும் பட்டிமன்றத்துல எடுத்துக்கறது இல்லை. டீக்கடையில இரட்டைக் குவளை வெச்சிருந்ததா பதிவான இடங்கள்ல இந்த மேற்கு மாவட்டங்களும் உண்டு. நாலு வயசுக் குழந்தைக்கு ‘ங்க’ போடற நாக்கு, தோட்டத்துல வேலை செய்யற அறுபது வயசுக்காரருக்கு வேற மாதிரி திரும்பும். அதையும் அதே கோயமுத்தூர்லதான் கேட்டேன்.

உடனே ‘எங்க ஊரைச் சொல்றியா’ன்னு கிளம்பாதீங்க. எங்க ஊர்க் கதையையும் சொல்லிடறேன்.

எனக்கு ஏழு வயசு இருக்கும். எங்க வயல் வேலைக்கு ஒரு தாத்தா வருவார். நிஜத் தாத்தா இல்லை, தாத்தா வயசு. என்னைச் ‘சின்னய்யா’ம்பார். தெருவுல என் வயசுப் பசங்க அவரைப் பேர் சொல்லி ‘வாலே’ன்னு கூப்பிடுவானுங்க, அவங்க வீட்டுப் பெரியவங்க பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. எங்கப்பா மட்டும் ‘தாத்தா வாங்கன்னு சொல்லணும்’னு எனக்குச் சொல்லி வெச்சிருந்தார். நானும் அப்படியே கூப்பிட்டேன். தெருவே சிரிச்சது. அதுகூடப் பரவால்ல. அந்தத் தாத்தாவே எங்கப்பாகிட்ட வந்து ‘பிள்ளைய அப்படிச் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்கய்யா, நாலு பேரு கேட்டா என்னையத்தான் சத்தம் போடுவாவ’ன்னு சொன்னார். ஏழு வயசுல எனக்கு அது விளங்கலை. மரியாதை கொடுத்தா வாங்கிக்கறவருக்குச் சந்தோஷம்தானே வரணும், பயம் ஏன் வந்தது?

இது 2004 வாக்குல நடந்தது. 1904 இல்லை.

இத்தனைக்கும் பேருக்குப் பின்னால சாதியை வெட்டின ஊரு நம்மளோடது. 1929-ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா அது நடந்தும் போச்சு. என் டீம்ல இருக்கற வடக்கத்திக்காரங்களுக்கு நம்ம பேர்ல இருக்கற ஒத்தை இனிஷியலைப் பார்த்தாலே ஆச்சரியம், சர்நேம் எங்கன்னு கேப்பாங்க. நாமளும் பெருமையா விளக்குவோம். விளக்கலாம், தப்பில்லை. ஆனா பேர்ல இருந்து வெட்டினது வினைச்சொல்லோட வால்ல போய் உக்காந்துக்கிட்டிருக்கு. பேர்ல தெரியலைன்னா ‘எந்த ஊரு?’, ‘ஊர்ல எந்தப் பக்கம்?’, ‘எந்தத் தெரு?’ன்னு மூணு கேள்வி. மூணாவது பதில் கிடைச்சதும் சிலரோட ‘ங்க’ லேசா நழுவறதை நான் கவனிச்சிருக்கேன். நீங்களும் கவனிச்சிருப்பீங்க.

அடுத்தது நம்ம ஏசி ஆபீஸ். இங்கிலீஷ்ல எல்லாரும் சமம். டைரக்டரையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம், ‘சார்’னா கோவிச்சுக்குவாங்க. லிஃப்ட்ல தரைத்தளத்துக்கு வந்து தமிழுக்கு மாறினதும் இந்தச் சமத்துவம் எங்கயோ இறங்கிப் போயிடும். வாசல்ல இருக்கற செக்யூரிட்டி அண்ணனுக்கு அறுபது நெருங்குது. இருபத்தாறு வயசுப் பையன் ‘ஏம்பா, அந்த வண்டிய எடுக்கச் சொல்லு’ங்கறான். அவர் ‘சரிங்க சார்’ங்கறார். இதே பையன் மேல கிளையண்ட் கால்ல அத்தனை பேருக்கும் ‘ப்ளீஸ்’ போட்டுப் பேசினவன்தான்.

ஒரு நாள் இதைப் பத்தி அவன்கிட்டயே பேசினேன். ‘நான் உரிமையாப் பேசறேன்டா, அவருக்கும் அதான் பிடிக்கும், ங்க போட்டா அந்நியமாயிடும்’னான். இந்தப் பதிலை நான் எத்தனையோ பேர்கிட்ட கேட்டாச்சு. நல்ல பசங்கதான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சரி, உரிமைதான்னே வெச்சுக்குவோம். அப்போ அவரும் உன்னை ‘ஏம்பா, அந்த வண்டிய எடு’ன்னு சொல்லலாமா? அதுக்கு அவன் பதில் சொல்லலை, சிரிச்சுட்டுப் போயிட்டான்.

அந்த அண்ணன்கிட்ட சாயந்திரம் டீ குடிக்கும்போது பேசிக்கிட்டிருப்பேன். பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னெல்லாம் நான் கேக்கலை, அப்படிக் கேக்கறதே ஒரு மாதிரி. அவராத்தான் ஒரு நாள் பேச்சோட பேச்சாச் சொன்னார், அஞ்சாவது மாடியில நாலு பேரு, மூணாவது மாடியில அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு, அவங்கதான் ‘அண்ணா சாப்டீங்களா’ன்னு கேப்பாங்கன்னு. கட்டடத்துல ஆயிரம் பேர் வேலை பார்க்கறோம். யார் யார் ‘ங்க’ போடறாங்கன்னு அவர்கிட்ட மாடி வாரியாக் கணக்கு இருக்கு. ‘அவருக்கு அதெல்லாம் ஒண்ணும் தோணாது’ன்னு இனிமே யாராவது சொன்னா எனக்கு அந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

நான் அவன்கிட்ட கேட்ட கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன்னு ரெண்டு அமெரிக்கர்கள் 1960-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் மாதிரி மொழிகள்ல இருக்கற நீ-நீங்க பத்தினது. அவங்க சொன்னதைச் சுருக்கமாச் சொன்னா இவ்வளவுதான்: ரெண்டு பக்கமும் ‘நீ’ன்னா அது நெருக்கம். ரெண்டு பக்கமும் ‘நீங்க’ன்னா அது தூரம், இல்லை மரியாதை. ஒரு பக்கம் ‘நீ’ போய் மறுபக்கம் ‘நீங்க’ வந்தா அது அதிகாரம். சொல்லுல ஒண்ணும் இல்லை, அது திரும்பி வருமாங்கறதுலதான் இருக்கு. அம்மாவை ‘நீ’ங்கறோம், சாமியை ‘நீ’ங்கறோம், உயிர் சிநேகிதனை ‘டேய்’ங்கறோம். அதனால ‘நீ’ கெட்ட வார்த்தைன்னு யாரும் சொல்லலை.

அந்தக் கட்டுரை வர்றதுக்குப் பதினஞ்சு இருபது வருஷம் முன்னாடியே கீழத் தஞ்சை வயக்காட்டுல இது தெரிஞ்சிருந்தது. பி. சீனிவாச ராவ், கர்நாடகத்துல பிறந்த கம்யூனிஸ்ட். தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. 1940-கள்ல அந்தப் பக்கம் போய்ப் பண்ணையாட்களை விவசாயிகள் சங்கத்துல சேர்த்தார். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையா இருந்த காலம். மிராசுதார் ‘ஆண்டை’, பண்ணையாள் வெறும் ‘டேய்’. அடிச்சா திருப்பி அடி, ‘டேய்’னா நீயும் ‘டேய்’னு சொல்லுன்னு அவர் சொல்லிக் கொடுத்ததா இன்னிக்கும் அந்தப் பக்கத்துல சொல்றாங்க. கூலி, நிலம் எல்லாத்தோடயும் சேர்த்து ஒரு விளிச்சொல்லும் போராட்டத்துல இருந்தது. ‘எங்களுக்கும் ங்க போடுங்க’ன்னு கேக்கலை பாருங்க. நீ என்ன போடறியோ அதையே நானும் போடுவேன், அவ்வளவுதான். அடிக்குச் சமமா அந்தச் சொல்லையும் வெச்சிருக்காங்கன்னா அது எந்த அளவுக்கு வலிச்சிருக்கும்?

ஆக, சமமாகணும்னா ரெண்டு வழி. எல்லாரும் கீழ இறங்கி ‘நீ’க்கு வரலாம், இல்லை எல்லாரையும் மேல ஏத்தி ‘நீங்க’ ஆக்கலாம்.

சுவீடன்காரங்க இறங்கினாங்க. அங்க ‘நி’ன்னு ஒரு நீங்க இருந்தது, ஆனா அதைச் சொன்னா எதிராளியை மட்டம் தட்டற மாதிரி ஆயிடுமாம். அதனால நம்ம மலையாளிங்க மாதிரியே ‘டாக்டர் காபி சாப்பிடறாரா?’ன்னு பட்டத்தைச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டிருந்தாங்க. 1967-ல புரோர் ரெக்ஸெத்னு ஒருத்தர் அரசு மருத்துவத் துறைக்குத் தலைவரா வந்தார். இனிமே இங்க எல்லாரையும் ‘டு’ன்னுதான், அதாவது ‘நீ’ன்னுதான் கூப்பிடுவேன், என்னையும் அப்படியே கூப்பிடுங்கன்னு சொன்னார். ஏற்கனவே மெல்ல நடந்துக்கிட்டிருந்த மாற்றம்தான், அவர் பேரோட ஒட்டிக்கிச்சு. இப்போ அங்க அரச குடும்பத்தை விட்டா எல்லாருக்கும் ‘டு’.

இங்கிலீஷ்காரங்க ஏறினாங்க. இங்கிலீஷ்ல எல்லாரும் ‘நீ’ன்னு பேசிக்கறாங்கன்னு நம்மாளுங்க நினைக்கறது தப்பு. அவங்களோட ‘நீ’ பழைய ‘தௌ’. அது செத்துப் போச்சு. ‘யூ’ங்கறது ஆதியில பன்மை, நம்ம ‘நீங்க’ மாதிரி. ராஜாவுக்கும் ‘நீங்க’, நாய்க்குட்டிக்கும் ‘நீங்க’ :) ‘ங்க போட்டா பாசம் போயிடும்’னு சொல்றவங்களுக்காக இதைச் சொல்றேன். வெள்ளைக்காரன் பொண்டாட்டி புள்ளைங்களை ‘நீங்க’ன்னுதான் நூத்துக்கணக்கான வருஷமா கூப்பிடறான். பாசம் அதனால எங்கயும் போகலை.

நமக்கு எது சரிப்படும்? என் கட்சி ஏத்தறதுதான். தமிழ்ல முன்பின் தெரியாத ஒருத்தர் வாயில இருந்து வர்ற ‘நீ’ சுருக்குன்னு குத்தும், அது இன்னும் ரொம்ப நாளைக்கு அப்படித்தான் இருக்கும். கலெக்டரை எல்லாரும் ‘நீ’ன்னு கூப்பிடற காலம் வர்றதைவிட துப்புரவுப் பணியாளரை எல்லாரும் ‘நீங்க’ன்னு கூப்பிடற காலம் சீக்கிரம் வரும், செலவும் கம்மி. பெரியார் சின்னப் பசங்களைக்கூட ‘வாங்க, போங்க’ன்னுதான் பேசுவார்னு அவர்கூடப் பழகினவங்க சொல்லியிருக்காங்க. அந்த வயசுல, அந்த உயரத்துல இருந்தவர் செஞ்சதை நம்மால செய்ய முடியாதா என்ன.

மொழியும் இதுக்குத் தோதாத்தான் இருக்கு. ஒருத்தரைப் பன்மையில சொல்றது இலக்கண முறை இல்லை, வழக்குல வந்த மரியாதைன்னு தொல்காப்பியம் சொல்லதிகாரத்துலயே பேச்சு வந்தாச்சு. ‘நீர்’ ஒரு காலத்துல பன்மை. அது ஒருத்தருக்கான மரியாதை ஆனதும் பன்மைக்கு ஆள் இல்லாமப் போய் ‘நீங்கள்’ வந்தது. அப்புறம் அதையும் ஒருத்தருக்கு மரியாதை ஆக்கியாச்சு. ‘அவர்’ கதையும் இதேதான், இப்போ மேடையில ‘அவர்கள்’ போடலைன்னா மைக்கைப் பிடுங்கிடுவாங்க. மேல இருக்கறவங்களுக்கு மட்டும் இந்தப் பணவீக்கம் ரெண்டாயிரம் வருஷமா நடக்குது. அந்த நோட்டுல ஒண்ணு ரெண்டைக் கீழயும் கொடுத்தா என்ன?

சட்டம் போட்டு இதைக் கொண்டு வர முடியுமா? கேரளாவுல முயற்சி பண்ணியிருக்காங்க. பொதுமக்களை ‘எடா, எடி, நீ’ன்னு போலீஸ்காரங்க கூப்பிடக் கூடாதுன்னு 2021-ல கேரள உயர் நீதிமன்றம் சொல்லி, அதுக்குச் சுற்றறிக்கையும் போனது. அதே வருஷம் பாலக்காட்டுப் பக்கம் மாத்தூர் கிராம பஞ்சாயத்து எதிர்ப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சது. ஆபீசுக்கு வர்ற மக்கள் யாரையும் ‘சார்’, ‘மேடம்’னு கூப்பிடத் தேவையில்லைன்னு தீர்மானம். எனக்கு ரெண்டாவதுதான் ரொம்பப் பிடிச்சது. மேல இருந்து வர்ற ‘நீ’யை நிறுத்தறது பாதிதான், கீழ இருந்து போற ‘சார்’ மறுபாதி. நம்ம ஊர்ல கே. சந்துரு நீதிபதியா இருந்தப்போ தன்னை ‘மை லார்ட்’னு கூப்பிட வேண்டாம்னு வக்கீல்கள்கிட்ட சொன்னாரே, அதுவும் இந்த வகைதான். நம்ம டிராஃபிக் சிக்னல்ல சும்மா பத்து நிமிஷம் நின்னு பாருங்க. டூவீலருக்கு ‘ஓரங்கட்டு’, காருக்கு ‘சார், ஓரமா நிறுத்துங்க’. சக்கரத்துக்கு ஒரு ‘ங்க’ போல.

வீட்டுக்குள்ளயும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். அப்பா அம்மாவை ‘நீ’ம்பார், அம்மா அப்பாவை ‘என்னங்க’ம்பாங்க. இதையும் ‘பாசம்’னுதான் சொல்லுவோம், பிரவுன்-கில்மன் சூத்திரத்துல போட்டா விடை வேற வருது. என் செட்டுல கல்யாணம் ஆனவங்க பாதிப் பேர் தனியா இருக்கும்போது ரெண்டு பக்கமும் ‘டா, டி’. மாமியார் சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்தா அந்தப் பொண்ணோட வாக்கியம் நடுவுலயே திரும்பும், ‘சாப்பிட வாடா... வாங்க’. இதை நேர்ல பார்த்திருக்கேன், அப்படி ஒரு திறமை. மாத்திக்க வேண்டியது எப்பவும் அவ மட்டும்தாங்கறதுதான் இடிக்குது. இதை எழுதும்போதே பாருங்க, ‘அவ’ன்னு சரளமா வருது. அதே வாக்கியத்துல ஆம்பளையா இருந்திருந்தா ‘அவர்’னு வந்திருக்கும். அதனால மாத்தாம அப்படியே விட்டு வெச்சிருக்கேன், நீங்களும் பார்க்கறதுக்கு.

கடைசியா தொழில் சம்பந்தமா ஒரு கொசுறு. மென்பொருளைத் தமிழாக்கம் பண்ற நண்பர்களுக்கு இது தெரியும். ஒரு பட்டன்ல ‘சேமி’ன்னு போடறதா, ‘சேமிக்க’வா, ‘சேமிக்கவும்’மான்னு மணிக்கணக்கா விவாதம் நடக்கும். ‘சேமி’ன்னா பயனரை ஒருமையில அதட்டற மாதிரி இருக்காம். ஆமா, அதைப் போடற நாம பயனரை அதட்டக் கூடாதுதான். இத்தனை அக்கறையா யோசிச்சு முடிச்சுட்டு டீ குடிக்கக் கீழ இறங்கி வந்து ‘ஏம்மா, இந்த டேபிளைத் துடை’ங்கறோம். சுவத்துல பார்த்தா ‘இங்கே சிறுநீர் கழிக்காதே’. அந்த ‘தே’ யாருக்கு? காருல வர்றவருக்கு இல்லைன்னு எழுதினவருக்கும் தெரியும், படிக்கறவருக்கும் தெரியும். அதே ஆபீஸ் லிஃப்ட்ல ‘தயவுசெய்து கதவில் சாயாதீர்கள்’.

எங்க டீம்ல புதுசா வந்திருக்கற ரெண்டு பேர் செக்யூரிட்டி அண்ணனை ‘அண்ணா, வாங்க’ங்கறாங்க. நான் சொல்லிக் கொடுக்கலை, அவங்களாவே. அப்போ அஞ்சாவது மாடிக் கணக்கு ஆறு ஆகியிருக்கும். அடுத்த தடவை டீ குடிக்கும்போது கேட்டுடறேன்.

டிஸ்கி: ‘நீர், வாரும்’ எந்தெந்த ஊர்ல இன்னும் உயிரோட இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நாகர்கோவில் மக்காமாரும் மட்டக்களப்பு நண்பர்களும் கண்டிப்பா வரணும். மதுரைக்காரங்க ‘என்னண்ணே’யில எத்தனை வகை இருக்குன்னு தனிப் பதிவே போடலாம், போட்டா சுட்டி கொடுங்க. ‘எங்க ஊர்ல இப்பல்லாம் யாரு சாதி பார்க்கறா’ன்னு ஆரம்பிக்கற பின்னூட்டங்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: உங்க வீட்டுல வேலை செய்யறவங்களை நீங்க எப்படிக் கூப்பிடறீங்க, அவங்க உங்களை எப்படிக் கூப்பிடறாங்கன்னு முதல் வரியிலயே எழுதிட்டு அப்புறம் தொடருங்க.